கம்ப்யூட்டரையே மாத்தணுமா, டிஸ்க்கை மாத்தினா போதுமா?

"நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆன் ஆகவே கால் மணி நேரம் ஆகுது, புதுசு வாங்கிடலாம்" என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. கொஞ்சம் பொறுங்க சகோதரிகளே. பல சமயம் தாமதத்துக்குக் காரணம் உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்தான். நம் சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் பதிவாகும் இடம் அது. நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றும் தட்டு. அதற்குப் பதிலாக, சுற்றும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. போட்டால் பழைய கம்ப்யூட்டரும் சுறுசுறுப்பாகும்.

ஒன்று மட்டும் முதலில் கேளுங்க: இதில் விண்டோஸ் 11 ஏறுமா? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஏறாது என்றால் டிஸ்க்குக்குச் செலவு செய்வது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஏறும் என்றால் இரண்டு கடையில் கொட்டேஷன் வாங்குங்க. டிஸ்க் விலை, மாட்டும் கூலி, பழைய கணக்கை மாற்றித் தர எவ்வளவு, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்ததா என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லணும். மொத்தமாக ஒரே தொகை போட்டால் எதுக்கு எவ்வளவு என்றே தெரியாது. கணக்குக்கு 256 ஜி.பி. தாராளம், போட்டோ, வீடியோதான் இடத்தை விழுங்கும்.

வேலை தொடங்கும் முன் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துடுங்க. கழற்றிய பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுட்டு வராதீங்க. உறுப்பினர்களின் ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் அதில்தான் இருக்கு.