இழுத்து நிற்பதா, இயங்குவதா?

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்பே பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் ஓட்டக்காரர்கள் கூடிவிடுகிறார்கள். கிளம்புவதற்கு முன் சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைப் பின்னுக்கு இழுத்து அசையாமல் நிற்பது பலருடைய வழக்கம். அப்படி நின்றால் காயம் வராது என்பது நம்பிக்கை. ஆய்வுகள் அதற்குத் துணை நிற்கவில்லை. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை மட்டும் பயிற்சிக்கு முன் கால் தசைகளை இழுத்து நிற்கச் செய்தார்கள். 2000-இல் முடிவு வெளியானபோது, காயங்களில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஓடிய மறுநாள் வரும் வலியையும் இது குறைப்பதில்லை என்றே சொல்லலாம் என்றது 2011-இல் வந்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு. ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் அதன் வலு சற்று நேரம் குறையவும் செய்கிறது. இதற்கு மாறாக, 25 ஆய்வுகளை அலசிய 2014-ஆம் ஆண்டுக் கட்டுரையில், விளையாட்டுக் காயங்களை வெகுவாகக் குறைத்தது தசைக்கு வலுவூட்டும் பயிற்சிதான்.

அப்படியானால் ஓடுபவருக்கு யோகா வீணா? யோகா என்றாலே உடலை வளைத்து நிற்பது என்று நினைத்தால்தான் இந்தக் கேள்வி எழும். எலியட்ஸிலிருந்து அதிகத் தொலைவில்லாத மந்தைவெளியில், யோக ஆசிரியரான தன் தந்தை கிருஷ்ணமாச்சாரியாரின் பெயரால் டி.கே.வி. தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய யோக மந்திரம் இருக்கிறது. மூச்சோடு இசைந்து ஆசனத்துக்குள் போய்ப் போய் வந்து, பிறகே அதில் நிலைப்பது அந்த மரபின் முறை. ஆளுக்கேற்பத்தான் ஆசனம், ஆசனத்துக்காக ஆளை வளைப்பதில்லை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை இழுக்கும்போது இடுப்பைத் தூக்கி, விடும்போது இறக்கும் த்விபாத பீடத்தைப் பாருங்கள். நாற்காலியிலேயே நாளைக் கழிக்கும் தி.நகர் அலுவலக ஊழியரின் புட்டத்துக்கும் பின்தொடைக்கும் அது வேலை கொடுக்கிறது. பளு தூக்குவதற்கு அது ஈடாகாது. ஆனால் சுவரைப் பிடித்து நிற்பதைவிட வலுப்பயிற்சிக்கு நெருக்கமானது.

"சென்னை வெக்கையில் உடம்பைத் தனியாகச் சூடாக்க வேண்டுமா?" என்று கேட்கலாம். வியர்ப்பதால் மட்டும் தசை தயாராகிவிடாது. அசைந்தால்தான் அதற்கு ரத்தம் கூடுதலாகப் பாயும். "நன்றாக வளையும் உடல்தானே நன்றாக ஓடும்?" என்பது அடுத்த கேள்வி. குதிகால் நாண் சுருள்வில் போல விசையைச் சேமித்துத் திருப்பித் தருவது. அதற்கு ஓரளவு விறைப்பு வேண்டும். "நீட்டினால் சுகமாக இருக்கிறதே" என்பவரை மறுக்க வேண்டியதில்லை. மூட்டின் அசைவெல்லை நாளடைவில் விரிவதும் உண்மைதான். அதற்கு ஓடாத மாலைப்பொழுது உகந்தது. ஓடுமுன் ஐந்து நிமிட வேக நடையும் மூச்சோடு சேர்ந்த அசைவுகளும் போதும். வாரம் இரண்டு நாள் வலுப்பயிற்சி அவசியம். ஜனவரி மாரத்தானை நினைத்து மார்கழியில் திடீரென்று தூரத்தைக் கூட்டினால் எந்த ஆசனமும் காப்பாற்றாது. எலியட்ஸ் சுவர், ஓடி முடித்து வந்து சாய்ந்துகொள்ள இருக்கட்டும்.