இழுவை என்னும் சொற்பொருள்

நம் எடமலைப்பட்டி புதூரிலிருந்து பழநிக்குச் சென்றுவரும் முதியோர் சிலர், "படியேற இயலாமல் விஞ்சில் ஏறிவிட்டேன்; தரிசனப் பயன் குறையுமோ?" என்று வருந்துவதுண்டு. அவ்வருத்தம் தீர, அவ்வூர்தியின் பெயர்களையே சிறிது ஆராய்வோம்.

பழநிமலையில் 1966-ஆம் ஆண்டு இவ்வூர்தி வந்தது. தண்டவாளத்தின்மீதுள்ள பெட்டியைக் கம்பிவடம் ஒன்று மேலே இழுக்கிறது. பெட்டிக்குத் தானே ஏறும் ஆற்றல் இல்லை. 2004-இல் அங்கே வந்த ரோப் கார் இதனின் வேறானது. அது வடத்தில் தொங்கிச் செல்வது. 1,017 படிகளையுடைய ஐயர்மலையில் 2024-இல் அமைந்ததும் தொங்கிச் செல்லும் அவ்வகையே.

மேல்நாட்டார் இழுவை வண்டியை 'ஃபியூனிகுலர்' என்பர். 'ஃபூனிஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்குக் கயிறு என்பது பொருள்; 'ஃபூனிகுலஸ்' என்பது சிறுகயிறு. ஆகவே அப்பெயர் கயிற்றால் வந்தது. 'விஞ்ச்' என்பதோ கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளைப்பொறியின் பெயர். தமிழர் வைத்த பெயர் 'இழுவை'. பார் என்பதிலிருந்து பார்வை வந்தாற்போல, இழு என்பதிலிருந்து இழுவை வந்தது. இது செயலால் வந்த பெயர். கயிறு, பொறி, செயல் என ஒரே ஊர்திக்கு மூவகைப் பெயர்கள் அமைந்தன.

கயிறு பழநிக்குப் புதிதன்று. அகத்தியர் ஆணைப்படி சிவகிரி, சத்திகிரி என்னும் இரு குன்றுகளையும் இடும்பன் காவடியாகச் சுமந்தபோது, நாகங்களே கயிறாயின என்று தலவரலாறு கூறும்.

சித்தாந்தமும் கயிற்றைக் கொண்டே உயிரின் நிலையை உணர்த்துகிறது. பாசம் என்னும் சொல்லுக்குக் கயிறு என்பது பொருள். அதனால் கட்டுண்டது பசு. கட்டுண்ட பசு தன் கட்டைத் தானே அவிழ்த்துக்கொள்ள இயலாது. பாசத்தோடு உடன்நின்று அதனைத் தொழிற்படுத்தும் இறைவனது மறைப்பாற்றலையும் மலம் என்று உபசாரமாகக் கூறுவர். மலம் பக்குவப்பட்ட காலத்தில் அம்மறைப்பாற்றலே அருளாற்றலாய் விளங்கும். இழுவையின் வடத்தைப் பாருங்கள். பெட்டி கீழிறங்கும்போது உருண்டோடாமல் தாங்குவதும், பின்னர் மேலே ஈர்ப்பதும் அவ்வொரு வடமே அன்றோ? இறங்கும்போதும் அது பெட்டியைக் கைவிடுவதில்லை.

ஆதலின் முதியீர், வருந்தற்க. உடல்வலிமை உடையார் படியேறுதல் தவம். அதனை அவர் கைவிடலாகாது. ஆயினும், படியேறுவார் 'என் காலால் ஏறினேன்' என்று செருக்குவாராயின், அங்கே ஆணவமே முன்னிற்கும். இழுவையில் அமர்ந்தவர் 'என்னால் ஆவது ஒன்றுமில்லை. நீயே ஈர்த்தருள்க' என்று உருகுவாராயின், பயன் சிறிதும் குறையாது. காலால் ஏறினும் வடத்தால் ஏறினும், மலைமேல் நின்று ஈர்ப்பது அவன் திருவருளே என்று உணர்க.

திருச்சிற்றம்பலம்.