ஓர் ஏக்கரின் பக்கம்

பெரியகுளத்திலிருந்து வைகை அணைக்குச் செல்லும் வழியில் ஜெயமங்கலத்தைக் கடப்பவருக்கு, வயல்களும் தென்னந்தோப்புகளும் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தோன்றுமேயன்றி, அங்கே ஒரு கணிதப் பிரச்சினை கிடக்கிறது என்ற நினைப்பு எளிதில் எழாது. ஆயினும், ஓர் ஏக்கர் சமசதுரமாக அமைந்தால் அதன் பக்கம் எத்தனை அடி என்று கேட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 100 சென்ட், சென்டுக்கு 435.6 சதுர அடி, ஆக மொத்தம் 43,560 சதுர அடி என்று தடையின்றிச் சொல்லும் பெரியவரும், வர்க்கமூலத்தை இலக்கம் இலக்கமாகப் பிரித்துப் போடப் பழகிய மாணவனும் சற்றே தயங்குவார்கள். பரப்பு தெரிந்த இடத்தில் நீளத்தைக் கண்டறியும் உபாயமே வர்க்கமூலம் என்பதை முதலில் உணர்த்தாமல், விதியை முன்னும் விஷயத்தைப் பின்னுமாக வைத்துக் கற்பிக்கும் நம் கிரமம் தலைகீழானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

பக்கம் 200 அடி என்று ஊகித்துத் தொடங்குவோம். 43,560-ஐ 200-ஆல் வகுத்தால் 217.8 கிடைக்கிறது; ஒரு பக்கம் 200 ஆனால் மறுபக்கம் 217.8 ஆக வேண்டும் என்பதே இதன் தாத்பரியமாதலால், சதுரத்தின் பக்கம் இவ்விரண்டுக்கும் நடுவில்தான் இருக்க முடியும். இரண்டின் சராசரி 208.9. அதைக் கொண்டு மறுபடி வகுத்து, மறுபடி சராசரி எடுத்தால் 208.71 அடி. நிலம் அளப்பதற்கு இந்தச் சூக்ஷ்மம் தாராளமாகப் போதும். எனினும் தசம இலக்கங்கள் அதற்கப்பாலும் முடிவின்றி நீள்கின்றன. அதன் காரணம் ஏக்கரின் அமைப்பிலேயே உள்ளது. 66 அடி அகலமும் 660 அடி நீளமுமான துண்டே ஏக்கர். ஆங்கிலேய நில அளவையின் 66 அடிச் சங்கிலியால் அளந்தால் பத்துச் சதுரச் சங்கிலி. பத்தின் வர்க்கமூலமோ முழு எண்ணிலும் அடங்காது, பின்னத்திலும் அடங்காது. அந்த நீண்ட துண்டைச் சுற்றி வேலியிட 1,452 அடி வேண்டும். அதே ஏக்கர் சமசதுரமானால் 835 அடி போதும்.

தென்னையைப் பாருங்கள். 25 அடி இடைவெளியில் கன்று வைத்தால் மரத்துக்கு 625 சதுர அடி, ஏக்கருக்குச் சுமார் 70 மரம். மரங்களை இரட்டிப்பாக்க எண்ணி இடைவெளியைப் பாதியாக்குகிறவருக்கு 140-க்குப் பதிலாக 280 மரங்களுக்குக் குழி வெட்ட நேரும். 625-இல் பாதி 312.5, அதன் வர்க்கமூலமான 17.7 அடியே அவர் கணக்குக்கு உரிய இடைவெளி. அத்தனை நெருக்கம் தென்னைக்கு ஆகாது என்பது வேறு விஷயம்.

நம் முன்னோர் இந்தக் கணக்கில் பின்தங்கியவர்கள் அல்லர். வேள்விக்கான வேதிகளை அளந்து அமைக்கும் பொருட்டு எழுந்த பௌதாயன சுல்ப சூத்திரம், இரண்டின் வர்க்கமூலத்தை ஐந்து தசம இடங்கள் வரை சரியாகத் தருகிறது, கி.பி. 499-ஐச் சார்ந்த ஆரியபடீயத்தில் வர்க்கமூலம் காணும் முறை ஒரே சுலோகத்தில் அடங்கியுள்ளது. தமிழிலும், வர்க்கமூலமே இன்றிச் செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் காண ஒரு விதி வழங்குகிறது: நீண்ட பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளி, குட்டைப் பக்கத்தின் பாதியைச் சேர்க்க வேண்டும். நான்குக்கும் மூன்றுக்கும் ஐந்து, பன்னிரண்டுக்கும் ஐந்துக்கும் பதின்மூன்று என அணுவும் பிசகாமல் விடை வருவதைக் கண்டு வியக்காதவர் இரார். ஆனால் அதை நம் சமசதுர ஏக்கரின் மூலைக்கு மூலை பிரயோகித்தால் 287 அடிதான் வருகிறது. கயிறு பிடித்து அளந்தாலோ 295 அடி. அந்த எட்டடி எங்கே போயிற்று என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வயலுக்கே அழைத்துச் சென்று தேடச் சொல்ல வேண்டும். வர்க்கமூலப் பாடத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.