நோயை நாமே சொல்வோம்

பிழைப்பை நாடிப் பிற மாநிலம் புகுந்த நம்மவர்க்கு, நோயுற்ற வேளையில் அதனை மருத்துவரிடம் எடுத்துரைப்பதும் ஓர் இடர்ப்பாடாகவே இருந்து வருகிறது. ஜீவனஹள்ளியில் வாழும் நம் குடும்பத்தாருள் பலர், தமிழறியாத மருத்துவரிடம் செல்லுங்கால், கன்னடம் கற்ற பள்ளிப் பிள்ளையையே துணைக்கு அழைத்துச் செல்கின்றனர். மகனை அருகில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் தன் மாதவிலக்குத் துன்பத்தை வாய்விட்டுக் கூறுவாள்? கூறாது மறைத்த நோய் உள்ளேயே முற்றிவிடும் அன்றோ?

நோயாளியின் மொழிக்கு மருத்துவத்தில் உள்ள இடத்தை நன்குணர்ந்தவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்கரான அவர் 1847-ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, தமிழைக் கற்று, மானிப்பாயில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றுவித்தார். மருத்துவ நூல்கள் பலவற்றையும் தமிழில் ஆக்கினார். கடல் கடந்து வந்தவர் நம் மொழியைக் கற்றார் எனில், நாம் வாழும் மண்ணின் மொழியிற் சில சொற்களைக் கற்பது நமக்கு அரிதாகுமோ? நம் நோவு கன்னடத்திலும் நோவே. தலையைத் 'தலெ' என்றும், நெஞ்சை 'எதெ' என்றும், வயிற்றை 'ஹொட்டெ' என்றும், ஜுரத்தை 'ஜ்வர' என்றும் கூறினாற் போதும்.

ஒப்புதல் தாளிற் கையெழுத்திடுமுன் பொருளறிதல் இன்றியமையாதது. சோதனைக்கென மயக்கமருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கருப்பை, அவர் தாயாரின் சம்மதத்தை மட்டும் பெற்று நீக்கப்பட்டது. அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டு, அச்சம்மதம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. சிகிச்சையின் தன்மை, பயன், அபாயம், மாற்றுவழி ஆகியவற்றை அறிந்து, நோயாளி தாமே தருவதே மெய்யான ஒப்புதல். உயிர்காக்கும் அவசரம் மட்டுமே விலக்கு. ஆகவே, 'விளங்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள்' என்று கேட்பது நம் உரிமை. அதில் நாணத்துக்கு இடமில்லை.

மருத்துவரிடம் செல்லுமுன், நோவு எப்போது தொடங்கியது, எவ்விடத்தில் உள்ளது, உண்டு வரும் மருந்துகள் எவை, முன்பு ஒவ்வாத மருந்து எது என்பவற்றைத் தாளில் குறித்துக்கொள்க. விடைபெறுமுன், மருந்தை எத்தனை வேளை, உணவுக்கு முன்னா பின்னா உட்கொள்வது என்பதை நாமே திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்க. பெண்களுக்குப் பிள்ளைகளை அன்றி, கன்னடமறிந்த மூத்த பெண்மணி ஒருவர் துணை செல்வதே நலம். அத்தகைய சகோதரிகள் நம் தெருக்களில் இல்லாமற் போகவில்லை. அவர்கள் மாதம் ஒரு நாளேனும் இத்தொண்டுக்கு முன்வர வேண்டுகின்றோம்.