பிரபு வம்சங்கள் – 9: பெண் வயிற்றுப் பேரர்கள்

மார்ல்பரோ டியூக்குக்கு ஆண் சந்ததி இல்லாது போனமையால், பார்லிமெண்டு தனியே ஒரு சட்டம் இயற்றி, அவருடைய பட்டத்தைப் பெண்ணுக்கும் பெண்வழிப் பேரனுக்கும் உரியதாக்கிய விருத்தாந்தத்தைச் சென்ற வாரம் சொன்னேன். பட்டம் என்ற அளவில் அது விதிவிலக்குத்தான்; ஏனெனில் இங்கிலாந்தின் பிரபுப் பட்டங்களிற் பெரும்பாலானவை, அவற்றை வழங்கிய ராஜ சாசனத்திற் கண்டபடி, முதற் பிரபுவின் வழியிற் பிறந்த ஆண் வாரிசுக்கே, அவர்களுள்ளும் மூத்தவனுக்கே, செல்லத்தக்கவை. ஆனால் பட்டத்தை விட்டுவிட்டு, இரத்தமும் நிலமும் செல்வாக்கும் எந்த வாய்க்கால் வழியாக ஓடின என்று பார்க்கப் புகுந்தால், பர்க்கும் டிப்ரெட்டும் தொகுத்த வம்சாவளி நூல்களில் பெரிய எழுத்தில் அச்சாகும் ஆண்களைக் காட்டிலும், இன்னாரை மணந்தாள் என்ற ஒரே வரியோடு முடிந்துபோகும் பெண்களே அதிக கவனத்துக்கு உரியவர்கள் என்பது என் அபிப்பிராயம். அதை நிரூபிப்பதற்குப் பிட் குடும்பத்தைப் போல வேறு குடும்பம் அகப்படுவது அரிது.

இக்குடும்பத்தின் கீர்த்திக்கு வித்திட்டவர் கோட்டை கட்டி ஆண்ட போர்வீரரல்லர். டார்செட் ஜில்லாவில் பிளாண்ட்ஃபோர்டு செயின்ட் மேரி என்னும் சிற்றூரின் பாதிரியாருக்கு 1653-இல் இரண்டாம் மகனாகப் பிறந்த தாமஸ் பிட், கிழக்கிந்தியக் கம்பெனியாரின் அனுமதி இன்றியே, அவர்களுடைய ஏகபோகத்தை அலட்சியம் செய்து, வங்காளக் கரையில் திருட்டு வியாபாரம் நடத்திப் பொருள் சேர்த்தவர். கம்பெனியார் அவரைக் கைது செய்வித்தார்கள், அபராதம் விதித்தார்கள். இரண்டினாலும் அவர் அடங்காமற் போகவே, பகைவனாக வைத்திருப்பதைவிட ஊழியனாக வைத்துக்கொள்வதே லாபம் என்று வியாபாரிகளுக்கே உரிய விவேகத்தோடு தீர்மானித்து, 1698-இல் அவரையே சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குக் கவர்னராக நியமித்தார்கள். பதினொரு வருஷம் அவர் அப்பதவியில் இருந்தார். கோட்டையை முற்றுகையிட்ட தாவூத்கானை ஒரு சமயம் எதிர்த்து நின்றும், ஒரு சமயம் பணம் கொடுத்துச் சமாதானப்படுத்தியும், இறுதியில் 1708-இல் அதே தாவூத்கானிடமிருந்து திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து கிராமங்களைக் கம்பெனிக்கு எழுதி வாங்கியும் அவர் நடத்திய ராஜதந்திரம் நம் ஊர்ச் சரித்திரத்தைச் சேர்ந்தது. இங்கே நமக்கு வேண்டியது அவருடைய சொந்த வரவு.

அவ்வரவிற் பெரியது ஒரு வைரம். பட்டை தீட்டப்படாத நிலையில் 410 காரட் எடை கொண்டிருந்த அந்தக் கல்லை, ஜாம்சந்த் என்னும் வணிகரிடமிருந்து பிட் 48,000 வராகனுக்கு வாங்கினார். மூத்த மகன் ராபர்ட் அதை லண்டனுக்குக் கொண்டு போனார். அங்கே தீட்டப்பெற்று 140 காரட்டுக்குச் சற்று மேற்பட்ட ஒளிப்பிழம்பாக மாறிய பிறகு, அதை வாங்கும் ஐசுவரியம் படைத்த மன்னர் ஒருவர் கிடைக்கும்வரை, பல வருஷம் பிட்டின் மனத்தில் பெருமிதத்தையும் பீதியையும் சமமாக வளர்த்துக்கொண்டிருந்தது. 1717-இல் பிரான்சு தேசத்து ராஜப் பிரதிநிதியாகிய ஆர்லியன்ஸ் டியூக் 1,35,000 பவுனுக்கு அதை வாங்கிக்கொண்டார். அன்றுமுதல் ‘ரீஜண்ட்’ என்ற பெயர் பெற்று, இப்பொழுது பாரிஸ் நகரத்து லூவ்ர் காட்சிசாலையில் இருக்கிறது. அந்தப் பணத்தில் 54,000 பவுன் செலவிட்டுக் கார்ன்வாலில் பொக்கனாக் என்னும் ஜமீனை, ஹாமில்டன் டியூக்கோடு துவந்த யுத்தம் செய்து மடிந்த மோஹன் பிரபுவின் விதவையிடமிருந்து பிட் வாங்கினார். ஓல்டு சேரம் என்ற, குடிகளே அநேகமாக இல்லாத மேட்டு நிலம் முன்னமே அவர் கைவசமிருந்தது; குடிகள் இல்லாவிட்டாலும் அதற்குப் பார்லிமெண்டில் இரண்டு ஸ்தானங்கள் இருந்தன என்பதே அதன் மகத்துவம்.

நிலமும் ஸ்தானமும் கிடைத்தன. எஞ்சியது குலம், அது விவாகத்தால் மட்டுமே கிடைக்கும். இங்கிலாந்தின் பிரபுக்கள் வியாபாரத்தை இகழ்ந்தார்களேயன்றி வியாபாரத்தில் வந்த சீதனத்தை இகழ்ந்ததில்லை. பிட்டுக்குச் சில வருஷம் முன்பு அதே கோட்டையில் கவர்னராயிருந்த எலைஹு யேலின் பெண்களில் ஒருத்திகூட டெவன்ஷயர் டியூக்கின் மகனைத்தான் கைப்பிடித்தாள். ராபர்ட் பிட், வைரத்தோடு ஊர் சேர்ந்த சிறிது காலத்துக்குள்ளாகவே, பழம்பெருமையில் குறைவற்ற வில்லியர்ஸ் குலத்து ஹாரியட்டை மணந்தார். இரண்டாம் மகன் தாமஸ், லண்டன்டெரி ஏர்லின் பெண்ணும் உடன்வாரிசுமான ஃபிரான்சஸ் ரிட்ஜ்வேயை மணந்தார். மாமனாரோடு அற்றுப்போயிருந்த அந்தப் பட்டத்தைப் புதிதாக உண்டாக்கி அவருக்கே அளிக்கச் செய்யும் அளவுக்கு அவரிடம் செல்வாக்கும் பணமும் இருந்தன. கடைசி மகன் ஜான், ஃபாக்கன்பெர்க் வைகவுண்டின் பெண்ணை மணந்தார். மகள் லூசிக்கு 1713-இல் வாய்த்த கணவரோ எல்லோரிலும் பெரியவர்: மினார்க்கா தீவைக் கைப்பற்றிய தளபதியும், பின்னர் முதலாம் ஜார்ஜ் மன்னரின் தலைமை மந்திரியுமாகிய ஜேம்ஸ் ஸ்டான்ஹோப். பாதிரியாரின் பேரப்பிள்ளைகள் ஒரே தலைமுறையில் பெற்ற சம்பந்தங்கள் இவை. கிழவர் பிட் இவற்றால் மகிழ்ந்தாரா என்றால், மகிழவில்லை. மனைவி மக்களிடம் சதா குறை கண்டு சீறியபடியே வாழ்ந்து 1726-இல் மறைந்தார்.

ராபர்ட்டின் இரண்டாம் மகன் வில்லியம் பிட் காலத்தில் இந்தச் சம்பந்தச் சிக்கல் இன்னும் இறுகிற்று. ஸ்டோ மாளிகையின் அதிபதியான கோபம் வைகவுண்டுக்குப் பிள்ளைகள் இல்லை, சகோதரிகள் இருந்தனர். ஒரு சகோதரி ஹெஸ்டர், கிரென்வில் வீட்டில் வாழ்க்கைப்பட்டாள். மற்றொருத்தி கிறிஸ்டியன், லிட்டில்டன் வீட்டில். தலைமை மந்திரி வால்போலோடு பிணங்கி அரசாங்கத்தை விட்டு வெளியேறிய கோபம், இவ்விரு சகோதரிகளின் பிள்ளைகளையும் அரசியலில் தம் சேனையாகத் திரட்டிக்கொண்டார். ஊரார் அவர்களைக் ‘கோபமின் குட்டிகள்’ என்று கேலி செய்தனர். வில்லியம் பிட் அவ்வீட்டுப் பிள்ளை அல்லராயினும், கோபமின் படைப்பிரிவில் கீழ்நிலை அதிகாரியாக இருந்து அந்தக் கூட்டத்திற் புகுந்தார். அவருடைய அண்ணன் தாமஸ் லிட்டில்டன் வீட்டுப் பெண்ணை மணந்தார். வில்லியமோ, நாற்பத்தாறாம் வயதுவரை பிரமசாரியாக இருந்து, 1754-இல் கிரென்வில் வீட்டு ஹெஸ்டரை மணந்தார். ஆகவே சட்டசபையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவருக்கொருவர் மைத்துனரும் சித்தி மகனும் பெரியம்மா மகனுமாக இருந்தார்கள்.

உறவு இருந்த இடத்தில் ஒற்றுமை இருந்தது என்று எண்ணுவது பிசகு. ஆப்பிள் மதுவுக்கு விதித்த வரியை 1763-இல் ஆதரித்துப் பேசிய மைத்துனர் ஜார்ஜ் கிரென்வில், வரியை வேறெங்கே போடுவது, எங்கே என்று சொல்லுங்கள் என மீண்டும் மீண்டும் கேட்டபோது, பிட் தம் ஆசனத்திலிருந்தபடியே ஒரு பழம்பாட்டின் அடியைப் பரிகாசமாக முனகினார். அன்றுமுதல் கிரென்விலுக்குச் ‘சாது இடையன்’ என்ற பட்டம் சாசுவதமாகிவிட்டது. அந்தக் கிரென்விலே அவ்வருஷம் பிரதம மந்திரியாகி, அமெரிக்கக் குடியேற்றங்களின் மீது முத்திரை வரி சுமத்தி, ஒரு சாம்ராஜ்யத்தின் பிளவுக்கு அடிகோலினார். அந்த வரியை எல்லோரினும் கடுமையாகத் தாக்கியவர் தங்கை கணவரே. 1766-இல் வில்லியம் பிட் சாதம் ஏர்ல் என்ற பட்டத்தோடு தாமே பிரதம மந்திரியானபோது, மைத்துனர்களில் மூத்தவரான டெம்பிள் பிரபு அவரோடு சேர மறுத்தார். குடும்பச் சண்டை நமக்குப் புதிதன்று. அதன் செலவை ஒரு தேசம் ஏற்கவேண்டி வந்ததே இவர்களிடத்தில் விசேஷம்.

இனி ஆண்வழியின் கதியைப் பார்ப்போம். பணம் கொடுத்துப் புதுப்பித்த லண்டன்டெரி பட்டம் இரண்டே தலைமுறையில், 1765-இல், வாரிசின்றி முடிந்தது. ராபர்ட்டின் மூத்த பேரனுக்கு, அவருடைய சிறிய தகப்பனார் சாதமின் மகனான இளைய பிட் பிரதம மந்திரி என்ற ஹோதாவில் 1784-இல் கேமல்ஃபோர்டு பிரபு என்னும் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அதை அடைந்த இரண்டாவது பிரபு, கப்பற்படையிலும் கட்டுக்கடங்காமல், ஊரிலும் கட்டுக்கடங்காமல் திரிந்து, 1804-இல் நண்பர் ஒருவரோடு துவந்த யுத்தம் செய்து இருபத்தொன்பதாம் வயதில் மாண்டார். ஒரு துவந்த யுத்தத்தால் விற்பனைக்கு வந்த பொக்கனாக், மற்றொன்றால் பிட் என்ற பெயரை விட்டு நீங்கிற்று. இளைய பிட் விவாகமே செய்துகொள்ளாமல் 1806-இல் மறைந்தார். அவருடைய தமையன், இரண்டாவது சாதம் ஏர்ல், 1835-இல் புத்திரபாக்கியமின்றி மறைந்தார். ஆக, வைரம் விற்று நூற்றிருபது ஆண்டு முடிவதற்குள், அக்குடும்பம் சம்பாதித்த மூன்று பட்டங்களும் மண்ணில் மறைந்தன.

பெண்வழி அப்படி மறையவில்லை. லூசியும் ஸ்டான்ஹோப்பும் அற்பாயுளில் இறந்தார்களாயினும், அவர்கள் மகன் பிலிப் கணித சாஸ்திரத்தில் தேர்ந்து அமைதியாக வாழ்ந்தார். பிலிப்பின் மகன் சார்ல்ஸ், 1774-இல், சாதம் ஏர்லின் மகள் ஹெஸ்டரை மணந்தார். மாப்பிள்ளையின் தகப்பனாரும் பெண்ணின் தகப்பனாரும் அத்தை மகனும் மாமன் மகனும் ஆவார்கள். நம் நாட்டுக் கிழவிகள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாலும் முறை தவறாத சம்பந்தமென்றே சொல்வார்கள். இந்த சார்ல்ஸ் விசித்திர மனிதர்: இரும்பினாலான அச்சு யந்திரத்தைக் கண்டுபிடித்தவர், கணக்கிடும் யந்திரங்கள் செய்தவர், பிரெஞ்சுப் புரட்சியில் மோகங்கொண்டு, பிரபுவாக இருந்தபடியே தம்மைக் ‘குடிமகன் ஸ்டான்ஹோப்’ என்று ஊரார் அழைக்க இடங்கொடுத்தவர். மைத்துனர் பிட் அதே புரட்சியை எதிர்த்து யுத்தம் நடத்திக்கொண்டிருந்தார். இத்தகைய தகப்பனாரின் வீட்டை விட்டு வந்த மூத்த பெண், தாயின் பெயரையே கொண்ட ஹெஸ்டர் ஸ்டான்ஹோப், 1803 முதல் பிரமசாரியான தாய்மாமனின் இல்லத்துக்கு எஜமானியாக விளங்கி, மாமன் இறந்தபின் பார்லிமெண்டு அளித்த வருஷத்துக்கு 1,200 பவுன் உபகாரச் சம்பளத்தோடு 1810-இல் கப்பலேறினார். ஆண்களைப்போல் உடுத்துப் பாலைவனத்தைக் கடந்து பால்மைரா சேர்ந்து, லெபனான் மலையில் ஜூன் என்ற கிராமத்தில் ராணியைப்போல் தர்பார் நடத்தி, கடனும் தனிமையும் சூழ 1839-இல் அங்கேயே இறந்தார். இவருக்கென்று தனியே ஓர் அத்தியாயம் ஒதுக்க ஆசைதான்; ஆனால் சந்ததியில்லாதவர்களிடம் வம்சாவளிக்காரன் நெடுநேரம் தங்க முடியாது.

ஹெஸ்டரின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரர் நான்காவது ஸ்டான்ஹோப் ஏர்ல். அவருடைய மகன், தேசிய உருவப்படக் காட்சிசாலை லண்டனில் அமைவதற்குக் காரணமாயிருந்த சரித்திராசிரியர். தம் உறவினராகிய இளைய பிட்டின் சரித்திரத்தையும் விரிவாக எழுதியவர். நான்காவது ஏர்லின் மகள் காதரின் டால்மெனி பிரபுவை மணந்து பெற்ற பிள்ளையே, 1894-இல் பிரதம மந்திரியாகி, அப்பதவியில் இருக்கும்போதே டெர்பி பந்தயத்தில் தம் குதிரை வெல்லக் கண்ட ரோஸ்பெரி. மதராஸ் கவர்னருக்கு இவர் லூசியின் வழியாக ஆறாம் தலைமுறை. சாதமின் இளம்பிராயத்தைப் பற்றி ரோஸ்பெரி எழுதிய நூலில் கிழவர் பிட்டின் குடும்பக் கலகங்களுக்கு நிறைய இடம் உண்டு. அதற்கு ஆதாரமான கடிதங்கள் கிடைத்த விதமும் ஒரு பெண்ணால்தான். கேமல்ஃபோர்டு பிரபு துவந்த யுத்தத்தில் மடிந்தபோது, பொக்கனாக் நிலமும் பழைய காகிதங்களும் தமக்கை ஆன் பிட்டைச் சேர்ந்தன. அவள் கணவர் ‘சாது இடையனின்’ மகனும், 1807-இல் அடிமை வியாபாரத்தை ஒழித்த மந்திரிசபையின் தலைவருமான கிரென்வில் பிரபு. அவருடைய டிராப்மோர் மாளிகையிற் கிடந்த கடிதக் கட்டுகளே பின்னர் அச்சேறின.

கிரென்வில் பிரபுவின் அண்ணன் வழி மேலும் மேலும் உயர்ந்து, மார்க்விஸ் ஆகி, டியூக் ஆகி, ஸ்டோ மாளிகையின் சாமான்களைக்கூட 1848-இல் ஏலம் போடவேண்டிய கடனில் முழுகிற்று. அவ்வழியில் கடைசியாக வந்த மூன்றாவது பக்கிங்ஹாம் டியூக் 1875-இல் கவர்னராக வந்து இறங்கிய இடம் சென்னை. தாது வருஷப் பஞ்சம் அவர் காலத்தது. பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே வெட்டிய கால்வாய்க்கு அவர் பெயர் வைத்தார்கள். கவர்னர் பிட்டுக்கும் அவருக்கும் இரத்தத் தொடர்பு இல்லை. பிட்டின் பேரன் மணந்தது இவருடைய பாட்டனாரின் பாட்டனாரது தங்கையை, அவ்வளவே.

டியூக்குக்கு மூன்று பெண்கள், பிள்ளை இல்லை. 1889-இல் அவர் இறந்த அன்று, ஒவ்வொரு பட்டமும் தன் தன் சாசனம் காட்டிய வழியிற் பிரிந்து சென்றது. டியூக் பட்டம் ஆண்வழிக்கே உரியதாகையால் அழிந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கின்லாஸ் பட்டம் பெண்ணுக்கும் செல்லும் ஆதலால் மூத்த மகளை அடைந்தது. டெம்பிள் ஆஃப் ஸ்டோ ஏர்ல் என்ற பட்டம் சகோதரியின் மகனுக்குப் போயிற்று. கோபம் வைகவுண்ட் பட்டமோ, 1718-இல் சகோதரிகளின் சந்ததிக்கும் இடம் வைத்து எழுதப்பட்டிருந்தபடியால், கோபமின் சகோதரி ஹெஸ்டரின் ஆண்வழி அற்றதும், நூற்றெழுபத்தொரு ஆண்டு காத்திருந்த மற்றச் சகோதரி கிறிஸ்டியனின் வழிக்கு, அதாவது லிட்டில்டன் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த லிட்டில்டன்களை அடுத்த வாரம் கவனிப்போம்.

(தொடரும்)