குற்றவாளி சிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்

2022 செப்டம்பர் 13 மாலை, பீகாரின் பேகுசராய் மாவட்ட நெடுஞ்சாலைகளில் பைக்கில் வந்தவர்கள் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டுக்கொண்டே போனார்கள். பச்வாரா, தேக்ரா, பரௌனி என்று ஊர் ஊராகத் தாண்டியும் அவர்களை மறிக்க ஆளில்லை. ஒருவர் இறந்தார், பலர் குண்டுக் காயத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பிறகு ஏழு போலீசார் சஸ்பெண்ட், நான்கு பேர் கைது.

கைதோடு செய்தி ஓய்ந்துவிடும். ஆஸ்பத்திரி பில் ஓயாது.

இத்தகைய வழக்குகளில் குடும்பங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு, ‘தீர்ப்பு வரட்டும், இழப்பீடு கேட்கலாம்’ என்று உட்கார்ந்துவிடுவது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-ஆம் பிரிவு (பழைய சட்டத்தில் 357ஏ) அப்படிக் காத்திருக்கச் சொல்லவில்லை. சுட்டவன் யாரென்றே தெரியாமல் விசாரணை நடக்காமல் போனாலும், பாதிக்கப்பட்டவரோ அவரை நம்பியிருந்தவர்களோ மனுக் கொடுக்கலாம்.

எங்கே? எம்.எல்.ஏ. வீட்டில் அல்ல. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில். பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்றிதழ், மருத்துவ ரசீதுகள், அடையாள அட்டை, பாஸ்புக் நகல் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். இறந்திருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழும் வேண்டும். விசாரித்து இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழு தொகை வழங்க வேண்டும் என்கிறது சட்டம். அவசரச் செலவு நெருக்கினால், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ சான்று வாங்கிக் கொடுத்து, இலவச முதலுதவிக்கும் மருத்துவ வசதிக்கும் உடனே உத்தரவு கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் முதல் தாள் எஃப்.ஐ.ஆர். நெடுஞ்சாலைக் குற்றம் என்றாலே, ‘அது எங்கள் எல்லை இல்லை’ என்று கைகழுவும் ஸ்டேஷன்கள் இன்னும் இருக்கின்றன. அதே சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும். நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அங்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்.

இன்னொன்று: போலீஸ் மகஜர் எழுதும் முன் உடைந்த கண்ணாடியை மாற்றாதீர்கள், ரத்தக்கறை படிந்த சட்டையைத் துவைக்காதீர்கள். பலர் இரண்டையும் செய்துவிட்டுச் சாட்சியம் தேடுகிறார்கள்.

மனுக் கொடுக்கும் கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மறுபடியும் சொல்லலாம்: தீர்ப்புக்குக் காத்திருக்காதீர்கள். வழி தெரியாவிட்டால் இலவசச் சட்ட உதவி எண் 15100-ஐ அழையுங்கள்.