விளம்பரத்தைப் படிக்கக் கற்பித்தல்

விளம்பரம் பொருளின் தன்மையைக் கூறுவதோடு நிற்பதில்லை. வாங்குவோரின் ஆசையையும் அச்சத்தையும் தொட்டு அவர்களை இசைய வைக்கிறது. இதனை மாணவர்க்கு விளக்கக் குழந்தைகளுக்கான பால்மாவு தக்க எடுத்துக்காட்டாகும். கொழுகொழுவென்ற குழந்தையின் படம், ஒரு சொல்லும் இன்றியே, அம்மாவு தாய்ப்பாலுக்கு ஈடானது என்ற எண்ணத்தை விதைத்துவிடும். சொல்லப்படாத கூற்றுக்கு எவரும் சான்று கேட்பதில்லை.

இந்தியாவில் 1992ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள் பற்றிய சட்டம் இவ்விளம்பரத்தைத் தடை செய்தது. டப்பாவின் மீது குழந்தை, பெண் ஆகியோரின் படங்களையும் விலக்கியது. படமும் ஒரு வாதமே என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டதாக இதனைக் கொள்ளலாம்.

எல்லாப் பொருள்களுக்கும் இத்தகைய தடை இயலாது. ஆகவே, விளம்பரம் சொல்வது என்ன, காட்டுவது என்ன, சொல்லாமல் விடுவது என்ன என்ற 3 வினாக்களை எழுப்ப மாணவரைப் பழக்குதல் வேண்டும்.